ஒட்டுக்கன்றும் உரிமமும்

சுங்கை பூலோ என்றதும் இன்றைய கோலாலம்பூர்வாசிக்கு எம்ஆர்டி நிலையமும் பெரிய மருத்துவமனையும் நினைவுக்கு வரும். முந்தைய தலைமுறைத் தமிழருக்கு அது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம். அந்தத் தோட்டத்து வேலைகளிலேயே மிகுந்த கைப்பக்குவம் வேண்டியது ஒட்டுக்கட்டுவது. நாற்றங்காலில் விதை போட்டு வளர்த்த கன்றின் அடித்தண்டில், மண்ணிலிருந்து சில விரற்கடை உயரத்தில், கத்தியால் கோடு கீறிப் பட்டையை நாக்கு மாதிரி உரிப்பார்கள். நிறையப் பால் தரும் தாய்மரத்தின் கிளையிலிருந்து ஒரே ஒரு மொட்டு உள்ள பட்டைத் துண்டைச் சீவி எடுத்து, உட்பக்கத்தில் கை படாமல், உரித்த இடத்தில் பொருத்தி நாடாவால் இறுகச் சுற்றுவார்கள். மூன்று வாரம் போல் கழித்துக் கட்டைப் பிரித்து, ஒட்டிய பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. பிறகு கன்றின் தலையை வெட்டிவிட்டால், அந்த மொட்டு துளிர்த்துத் தாய்மரத்தின் குணத்தோடு புதிய மரமாக எழும். ஒரு தாய்மரத்திலிருந்து ஆயிரமாயிரம் கன்றுகளுக்கு மொட்டுக் கொடுக்கலாம். தாய்மரத்துக்கு ஒன்றும் குறையாது. இப்படி ஒற்றை மரத்திலிருந்து பெருகும் வம்சத்தைத் தோட்டத்துறையில் 'குளோன்' என்பார்கள்.

இதே சொல் 1980களில் கோலாலம்பூர் இம்பி பிளாசாவின் கணினிக் கடைகளிலும் புழங்கியது. ஐபிஎம் கணினியைப் போலவே இயங்கும், ஆனால் ஐபிஎம் பெயர் இல்லாத மலிவான பெட்டிக்கும் குளோன் என்றுதான் பெயர். சொல் ஒன்றாக இருப்பது தற்செயல்தான் என்றாலும், இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பெருகிக்கொண்டே போகும் ஒரு பொருளின் தாய்மரம் யார் கையில் இருக்கிறது? கணினி நிறுவனங்களின் வெற்றியைப் பேசும்போது நாம் எளிதில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். நிறுவனரின் மேதைமைதான் எல்லாம் என்பது ஒரு கட்சி. எல்லாம் ஜாதகம், நல்ல நேரத்தில் நல்ல இடத்தில் நின்றான் என்பது இன்னொரு கட்சி. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இது: அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரியது, அதை எவரும் வரவழைத்ததில்லை. ஆனால் அது வந்தபின் எந்த வீட்டில் தங்கும் என்பதை, அது வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே எழுதப்பட்ட ஓர் உரிம ஒப்பந்தம் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. எழுதும் நாளில் அந்த வரிக்கு விலை இருப்பதில்லை. அதனால்தான் அதை விட்டுக்கொடுப்பதும் எளிதாக இருக்கிறது.

எல்லோரும் அறிந்த கதையிலிருந்தே தொடங்கலாம். 1980-இல் ஐபிஎம் ஒரு சிறு கணினியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவர முடிவு செய்தது. ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் சில்லை இன்டெலிடம் வாங்கியது. மென்பொருளையும் வெளியிலிருந்தே வாங்க நினைத்தது. அன்று சிறு கணினிகளில் பரவலாக இருந்த இயங்குதளம் கேரி கில்டால் எழுதிய சிபிஎம். ஐபிஎம் ஆட்கள் கலிஃபோர்னியாவில் பசிஃபிக் குரோவில் இருந்த அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்துக்குப் போனார்கள். பேச்சு முடிவுக்கு வரவில்லை. அன்று நடந்ததைப் பற்றிப் பல கதைகள் உண்டு. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதில் தடங்கல் ஏற்பட்டது என்பது அவற்றில் பொதுவானது. வாய்ப்பு மைக்ரோசாஃப்டிடம் போனது. மைக்ரோசாஃப்டிடம் கொடுப்பதற்கு இயங்குதளமே இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதி வைத்திருந்த 86-டாஸை, வாங்கப்போவது ஐபிஎம் என்று சொல்லாமல், முதலில் 25,000 டாலர் கொடுத்து உரிமமாகப் பெற்றது. 1981 ஜூலையில் மேலும் 50,000 டாலர் கொடுத்து முழு உரிமையையும் வாங்கிக்கொண்டது. அடுத்த மாதம் 12-ஆம் தேதி ஐபிஎம் கணினி வெளிவந்தது. பேட்டர்சன் அதை எழுத உட்கார்ந்ததே, அந்தச் சில்லுக்கான சிபிஎம் வரத் தாமதமானதால்தான். இத்தனை தற்செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. இதில் ஒன்று விலகியிருந்தாலும் கதை வேறு.

ஆனால் இந்த அடுக்கில் ஒரே ஒரு செங்கல் தற்செயல் இல்லை. ஐபிஎம்முக்கு டாஸைக் கொடுத்த மைக்ரோசாஃப்ட், அதை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஐபிஎம்மிடம் பங்கு கேட்காமல் மொத்தத் தொகையாகவே பெற்றது. அது கேட்ட சலுகை பிறருக்கு விற்கும் அந்த உரிமைதான். தோட்டத்து மொழியில் சொன்னால் ஐபிஎம்முக்குப் போனது மொட்டு, தாய்மரம் போகவில்லை. 1980 நவம்பரில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது இந்த உரிமைக்குச் சந்தையில் மதிப்பு ஏதும் கிடையாது. ஐபிஎம் போலவே இயங்கும் வேறு கணினி ஒன்றுகூட அன்று உலகில் இல்லை. பிறகு யாரிடம் விற்பது? 1982 நவம்பரில் காம்பாக் தன் கணினியை அறிவித்தது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம், ஐபிஎம்மின் அடிப்படை நிரலுக்கு ஈடான ஒன்றைச் சட்டச் சிக்கல் இல்லாமல் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. அதன்பின் தைவானிலும் கொரியாவிலும் கட்டிய குளோன்கள் இம்பி பிளாசா வரை வந்து குவிந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் டாஸ் வேண்டும். அதை ஐபிஎம்மிடம் கேட்க வேண்டியதில்லை. குளோன்களின் வெள்ளம் மைக்ரோசாஃப்ட் வரவழைத்தது இல்லை, அது அதிர்ஷ்டம். வெள்ளம் வருமுன் வாய்க்கால் வெட்டி வைத்திருந்தது மட்டும் அந்த நிறுவனத்தின் செயல்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வென்றவனின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் எல்லாமே ராஜதந்திரமாகத்தான் தெரியும்; இதே வரியை எழுதி வைத்தும் அழிந்துபோனவர்கள் எத்தனை பேரோ என்று கேட்கலாம். இந்த மறுப்புக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். அதற்கு விடை, ஒரே நிறுவனம் வெவ்வேறு ஒப்பந்தம் எழுதியபோது என்ன நடந்தது என்று பார்ப்பதில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் முதல் சரக்கான பேசிக் மொழியை 1975-இல் எம்ஐடிஎஸ் நிறுவனத்துக்கு ஏகபோக உரிமமாகக் கொடுத்தது. அந்த நிறுவனம் கைமாறியதும், மற்றவர்களுக்கு விற்கும் வழி அடைபட்டது. நடுவர் தீர்ப்பு 1977-இல் சாதகமாக வரும்வரை மைக்ரோசாஃப்ட் கழுத்தில் கயிறு இறுகிக்கொண்டே இருந்தது. இன்னொரு ஒப்பந்தம் காமடோருடன். அந்நிறுவனத்துக்கு பேசிக் மொழியை ஒரே தடவைத் தொகைக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவிட்டது. பின்னர் வந்த காமடோர் 64 ஒரு கோடிக்கும் மேல் விற்றது. ஒவ்வொன்றிலும் அந்த பேசிக் உறைந்திருந்தது. மைக்ரோசாஃப்டுக்கு அதிலிருந்து சல்லிக்காசு வரவில்லை. அதே ஆட்கள், அதே திறமை, அதே அளவு அதிர்ஷ்டம். காகிதம் மட்டும் வேறு. எம்ஐடிஎஸ் ஒப்பந்தத்தில் பட்ட சூட்டின் வடு ஐபிஎம் ஒப்பந்தத்தில் தெரிகிறது என்றே நினைக்கிறேன். பட்டால்தான் தெரியும் என்பார்கள். பட்டதைப் பத்திரத்தில் எழுதி வைக்கத் தெரிந்ததுதான் அந்த நிறுவனத்தின் உண்மையான கெட்டிக்காரத்தனம்.

இழந்தவர் பக்கத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. டாஸை 75,000 டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போன சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸை ஏமாளி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சிறு நிறுவனம் தன் விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரியைக் காப்பாற்றி வைத்திருந்தது: தான் விற்கும் கணினிகளோடு டாஸைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக் கொடுக்கலாம். நிறுவனம் நொடித்தபோது விற்பதற்கு அதனிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்த வரிதான். அதை வேறொருவருக்கு விற்கப் பார்த்ததும் வழக்கு வந்தது. 1986-இல் மைக்ரோசாஃப்ட் 9,25,000 டாலர் கொடுத்து அந்த வரியைத் திரும்ப வாங்கியது. முழுச் சரக்குக்குக் கிடைத்ததைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான தொகை மிச்சம் வைத்த ஒரு வரிக்குக் கிடைத்தது. கில்டாலின் கதை இன்னும் வலி தருவது. அவருடைய நிறுவனம் டாஸுக்குப் போட்டியாக 1988-இல் டிஆர் டாஸைக் கொண்டுவந்தது. பல விதத்தில் அது மேலானது என்று பேர் வாங்கியது. ஆனால் கணினி தயாரிப்பாளர்கள் பலர், தாங்கள் அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் எந்த இயங்குதளம் இருந்தாலும், மைக்ரோசாஃப்டுக்குக் கட்டணம் தரும் விதமான உரிமத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்கள். போட்டியாளரின் சரக்கை ஏற்றினால் இரண்டு தடவை பணம் கட்ட வேண்டும். அமெரிக்க நீதித்துறை இந்த முறையை நிறுத்தும் உடன்பாட்டை 1994 ஜூலை 15-ஆம் தேதி கொண்டுவந்தது. கில்டால் அதற்கு நான்கு நாள் முன்பு இறந்துபோயிருந்தார். உரிமம் ஓர் ஆயுதம் என்பதையும், அதை ஏந்துகிறவருக்கு அறம் வேண்டும் என்பதையும் இந்த இரண்டு தேதிகளும் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது மறுப்பு ஆப்பிள். எவருக்கும் உரிமம் கொடுக்காமல்தானே அது இன்று உலகத்தின் உச்சியில் நிற்கிறது. அப்படியிருக்க உரிம உத்தி என்று ஒன்றைத் தூக்கிப் பிடிப்பது ஏன்? ஆப்பிள் கொடுத்துப் பார்த்த காலமும் உண்டு. 1995-இல் பவர் கம்ப்யூட்டிங் போன்ற நிறுவனங்களுக்கு மேக் இயங்குதளத்தின் உரிமத்தை வழங்கியது. அவர்கள் புதிய வாடிக்கையாளரைத் தேடிப் போகாமல் ஆப்பிளின் வாடிக்கையாளரையே இழுத்தார்கள். 1997-இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார். பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் தொழிலைத் திரும்பப் பெற ஆப்பிளுக்கு 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் செலவாயின. இதிலிருந்து உரிமம் கொடுப்பது தவறு என்ற முடிவுக்கு வருவது அவசரம். மைக்ரோசாஃப்டுக்கு லாபம் மென்பொருளில். பெட்டியை யார் செய்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஆப்பிளுக்கு லாபம் பெட்டியில். பெட்டியைப் பிறர் செய்ய விடுவது தன் அடுப்பை அண்டை வீட்டுக்குத் தூக்கிக் கொடுப்பது. எதைக் கொடுத்தாலும் தன் பிழைப்பின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதைக் கொடுக்காமல் இருப்பதே இருவருக்கும் பொதுவான விதி. கொடுப்பதா மறுப்பதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

அந்த மெலிந்த ஆண்டுகளில் ஆப்பிளைத் தாங்கிப் பிடித்தவற்றில், வேறொரு உரிம நிறுவனத்தில் அது வைத்திருந்த பங்குகளும் ஒன்று என்பது பலர் கவனிக்காத செய்தி. 1990 நவம்பரில் ஆப்பிளும், ஏகான் என்ற பிரிட்டிஷ் கணினி நிறுவனமும், விஎல்எஸ்ஐ என்ற சில்லு நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது ஆர்ம். பன்னிரண்டு பொறியாளர்கள், கேம்பிரிட்ஜ் அருகே ஒரு கிராமத்தில் பழைய தானியக் கொட்டகை. சொந்தமாகச் சில்லு செய்ய அவர்களிடம் பணம் இல்லை. அதனால் சில்லின் வரைபடத்தை மட்டும் உரிமமாகக் கொடுப்பது, முதலில் ஒரு தொகை, பிறகு விற்கும் ஒவ்வொரு சில்லுக்கும் சிறு பங்கு என்று முடிவு செய்தார்கள். இல்லாமை கற்றுக்கொடுத்த உத்தி அது. பிறகுதான் அதிர்ஷ்டம் வந்தது. மின்கலத்தில் நெடுநேரம் ஓடவேண்டிய கைப்பேசி உலகம் முழுதும் பரவியது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஆர்ம் வடிவமைப்பு அதற்கு அச்சாகப் பொருந்தியது. தாய் நிறுவனமான ஏகான் கணினிகளைச் செய்து விற்றுக்கொண்டே தேய்ந்தது. 1990களின் இறுதியில் ஏகானின் மொத்த மதிப்பைவிட, ஆர்ம் நிறுவனத்தில் அதற்கு இருந்த பங்கின் மதிப்பு அதிகமாகிவிட்டது. நிறுவனத்தையே கலைத்து அந்தப் பங்கைப் பிரித்தெடுத்தார்கள். 2016-இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் ஆர்மை வாங்கக் கொடுத்த விலை ஏறக்குறைய 2,400 கோடி பவுண்டு. ஒரே கண்டுபிடிப்புதான், பெட்டியில் அடைத்து விற்ற கை ஓய்ந்தது, மொட்டு மொட்டாகக் கொடுத்த கை ஓங்கியது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, ஆங்கிலேயர் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் ஒரு மேக் கணினியைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்க்கலாம். தமிழ் எம்என், மலையாளம் எம்என், தெலுங்கு எம்என், சிங்கள எம்என், கெமர் எம்என், லாவோ எம்என், மியன்மார் எம்என் என்று வரிசையாக வரும். அந்த எம்என், முத்து நெடுமாறன் என்ற மலேசியத் தமிழரின் பெயரெழுத்து. 1980களின் நடுவில் அவர் தொடங்கிய முயற்சிதான் முரசு அஞ்சலாக வளர்ந்தது. தமிழில் மின்னஞ்சல் எழுதவே பலர் தடுமாறிய நாட்களில் அந்த மென்பொருள் பலருடைய கணினிக்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிளின் இயங்குதளத்தில் இடம்பெற்றது. 2005 பொங்கலன்று கைப்பேசிக்கான செல்லினம் வெளிவந்தது. 2013-இல் ஐஓஎஸ் 7-இல் தமிழ் விசைமுகம் வந்தபோது, தமிழ்99-உடன் அஞ்சல் என்ற அதே பெயரும் பட்டியலில் இருந்தது. கோலாலம்பூரில் இருந்த ஒரு சிறு நிறுவனம் தமிழ் மென்பொருளைக் கடை கடையாக விற்றே பெரிதாகியிருக்க முடியாது. தமிழருக்குள் அந்தச் சந்தை அவ்வளவு சிறியது. உலகத்தின் பெரிய நிறுவனங்கள் சிறு மொழிகளின் எழுத்தையும் சேர்த்தாக வேண்டிய காலம் வந்ததும், யுனிகோட் நிலைபெற்றதும் அதிர்ஷ்டம். அந்தக் காலம் வந்து கதவைத் தட்டியபோது, எழுத்தை ஒட்டுக்கட்டிக் கொடுக்கத் தயாரான நிலையில், தன் பெயர் அழியாமல் ஒருவர் இருந்தார். வெளியில் உழைத்தவர் பெயர் மறைந்துபோவதே வழக்கமான ஒரு துறையில், இரண்டு எழுத்து நிலைத்து நின்றதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது சொந்த நாட்டுக்கு வருவோம். 2025 மார்ச் 5-ஆம் தேதி கோலாலம்பூரில், பிரதமர் அன்வார் இப்ராஹிம் முன்னிலையில், மலேசிய அரசு ஆர்ம் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டது. பத்து ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து, ஆர்மின் உயர்தரச் சில்லு வடிவமைப்புகளுக்கான உரிமங்களையும் பயிற்சியையும் பெறுவது. உள்நாட்டில் பத்துச் சில்லு நிறுவனங்கள் எழ வழி செய்வது. பத்தாயிரம் பொறியாளர்களைப் பயிற்றுவிப்பது. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா ஒன்றும் திறக்கப்பட்டிருந்தது. இந்த நாடு சில்லுக்குப் புதியதில்லை. 1972-இல் இன்டெல் பினாங்கில் ஆலை அமைத்தது முதல் ஐம்பது ஆண்டுகளாக நம் பிள்ளைகள், அவர்களில் தோட்டப்புறத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் உண்டு, பிறர் வரைந்த சில்லுகளைப் பொதிந்தும் சோதித்தும் அனுப்பினார்கள். உலகச் சில்லுப் பொதியல், சோதனைத் தொழிலில் மலேசியாவின் பங்கு ஏறக்குறைய 13 விழுக்காடு என்பார்கள். கை நம்முடையது, வரைபடம் பிறருடையது. பால்மரத் தோட்டத்தில் மங்கு நம் கையிலும் பத்திரம் லண்டனிலும் இருந்ததற்கு இது தூரத்துச் சொந்தம். அந்த நிலையிலிருந்து நகர வேண்டும் என்று ஓர் அரசு நினைத்ததை வரவேற்கிறேன்.

ஆனால் வரவேற்பது வேறு, காகிதத்தைப் படிப்பது வேறு. இங்கே நாம் ஆர்ம் இல்லை, ஐபிஎம்மும் இல்லை. மொட்டு வாங்கிப் போகும் தோட்டக்காரர். தொகை பெரிதா சிறிதா என்பதைவிட மூன்று கேள்விகள் முக்கியம். வாங்கிய வரைபடத்தின் மேல் நம் பொறியாளர் ஒருவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அந்தச் சேர்க்கை யாருக்குச் சொந்தம்? உரிமத்தில் வளர்ந்த ஓர் உள்நாட்டு நிறுவனத்தை நாளை வெளிநாட்டார் வாங்கினால், உரிமம் அதோடு சேர்ந்து கப்பல் ஏறுமா? பத்தாண்டு முடிந்த மறுநாள் நம் கையில் எஞ்சுவது என்ன? இரண்டாவது கேள்வி கற்பனைப் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2021-இல் குவால்காம் நிறுவனம் நூவியா என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. நூவியாவின் உரிமம் குவால்காமுக்குத் தானாகப் போகாது என்று ஆர்ம் 2022-இல் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் டெலவேர் நடுவர் குழு, குவால்காமின் சில்லுகள் அதன் சொந்த உரிமத்துக்குள் அடங்கும் என்று முடிவு சொன்னது. குவால்காமுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய உரிமம் இருந்தது, வழக்காடப் பணமும் இருந்தது. பூச்சோங்கில் தொடங்கும் முப்பது பேர் கொண்ட நிறுவனத்துக்கு இரண்டும் இருக்காது. அவர்களுக்காக இந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குவது அரசின் கடமை. அடுத்த அதிர்ஷ்டம் எங்கிருந்து வரும் என்று பூச்சோங்கிலோ புத்ராஜெயாவிலோ எவராலும் சொல்ல முடியாது. வந்தால் யாருக்கு என்பதை மட்டும் இன்றே எழுதலாம்.

மூன்றாவது மறுப்பு இவற்றில் மிக உயர்ந்தது, அதனால்தான் கடைசியில் வைத்தேன். அறிவை வேலி போட்டுக் காப்பதே பிழை. எல்லோருக்கும் திறந்து விடுவதுதான் மனிதர்க்கு நல்லது என்பார்கள். சுங்கை பூலோவே அதற்குச் சான்று. அங்கு உருவான ஆர்ஆர்ஐஎம் 600 என்ற குளோனின் தாய் ஜாவாவின் ஜிர் 1. தந்தை பிபி 86, அதாவது பிராங் பெசார் தோட்டத்து மரம். அந்தத் தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது, பக்கத்தில் சைபர்ஜெயா. இந்த 600 எல்லை தாண்டிப் பரவி, தாய்லாந்தின் சிறு விவசாயிகளுக்கு வாழ்வு கொடுத்தது. அந்நாட்டுத் தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே வம்சம். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து ரப்பர் உற்பத்தியில் மலேசியாவைத் தாண்டியது. செம்பனைக்கு மாறியதும், தோட்டத்தில் ஆள் கிடைக்காததும் நாம் பின்தங்கக் காரணங்கள். மொட்டைக் கொடுத்ததால் மட்டும் நாம் கெட்டுவிடவில்லை. மேலும் நம்முடைய ரப்பரே 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து அள்ளி வந்த 70,000 விதைகளில் பிறந்தது. அந்த விதைகளுக்கு யாரும் உரிமம் கொடுக்கவில்லை. அமேசானில் மரங்களைத் தின்ற இலைக்கருகல் நோய் விதையோடு கடல் தாண்டி வராதது நம் நல்ல நேரம். இப்படி வந்த செல்வத்தைப் பூட்டி வைக்கும் தார்மீக உரிமை நமக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் திறந்து கொடுப்பதும் ஒரு முடிவுதான். அதையும் தெரிந்து, எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. அது உரிமத்தை ஒழிக்கவில்லை. 'எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் நீ பிறருக்குக் கொடுக்கும்போது அவருக்கும் இதே உரிமையைக் கொடு' என்று உரிமத்தைக் கொண்டே எழுதியது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், ஆர்முக்கு மாற்றாக எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய சில்லுக் கட்டளைத் தொகுப்பாக வளர்ந்து நிற்பதும் இந்த வழியில்தான். நம் பத்தாயிரம் பொறியாளர்களில் ஒரு பகுதியினர் அதையும் கற்றால், பத்தாண்டுக்குப் பின் ஆர்மோடு பேசும் மேசையில் நம் குரல் கொஞ்சம் உரக்க ஒலிக்கும். எனக்கு வருத்தம் தருவது கொடுப்பது இல்லை. கொடுப்பதாகத் தெரியாமலே கைநழுவ விடுவதுதான்.

அப்படி நழுவவிட்டவர்களின் மண் இது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்தில் நிலத்தின் விலை எவரும் எண்ணிப்பாராத உயரத்துக்கு ஏறியது. சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சிக் கழக நிலத்தில் 2,330 ஏக்கர் இன்று குவாசா டாமன்சாரா என்ற நகரமாகி வருகிறது. விலை ஏறியது அதிர்ஷ்டம். தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் லயத்து வீட்டில் இருந்து பால் வெட்டியவர்கள் பெரும்பாலோர் கையில் காகிதம் இல்லை. அந்த அதிர்ஷ்டம் அவர்கள் வாசலைத் தாண்டிப் போனது. இது நடக்கும் என்று முன்பே கண்டவர் ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி, நூறு வெள்ளி ஆகும்வரை என்று கேட்டார். அந்தப் பத்து பத்து வெள்ளிகளைச் சேர்த்துக் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்கு மரம் வெட்டியவர் அந்த மரத்துக்கே பங்காளியானார்.

ஒட்டுக்கட்டுபவர் தன் வேலையை முடித்துவிட்டு மூன்று வாரம் காத்திருக்கிறார். மழை பெய்யுமா, வெயில் கொளுத்துமா என்பது அவர் கையில் இல்லை. மொட்டு எந்த மரத்தினுடையது, கட்டு சரியாக விழுந்ததா என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. அது முடிந்துபோன வேலை. கட்டைப் பிரிக்கும் நாளில் பச்சை தெரிந்தால் மழைக்கு நன்றி சொல்லலாம். கட்டாத கன்றுக்கு அந்த மழையால் பயன் இல்லை. பத்து வெள்ளி கொடுத்துப் பங்குச் சீட்டை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்த தோட்டத் தாய்க்கு உரிம உத்தி என்ற சொல் தெரிந்திருக்காது. அவள் செய்தது அதுதான். பூச்சோங்கிலும் சைபர்ஜெயாவிலும் இன்று கணினியின் முன் உட்காரும் அவளுடைய பேரப்பிள்ளைகள், எதில் கையெழுத்திடுகிறோம் என்று கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.